மெலிசுக் குவியல்

குண்டு மேலே போய்விட்டது. இலக்கில் பத்தாம் வளையத்தைத் தாண்டி, ஒன்பதின் நெற்றியில் போய் உட்கார்ந்துகொண்டது. மயில்சாமி பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியை அழுத்திப் பிடித்தான்; அவன் அழுத்தினால் குண்டு இறங்கி வந்துவிடவா போகிறது. அவனுக்குச் சற்று முன்னால், சுடும் வரிசையில் விரித்த பாயில் குப்புறப் படுத்திருந்தாள் அவன் மனைவி கோகிலவாணி. தடித்த கான்வாஸ் சட்டை, இடது கையில் இறுக்கிய வார், ரைஃபிளின் கட்டையில் ஒட்டிய கன்னம். முகம் தெரியவில்லை. அவள் பக்கத்திலிருந்த சின்னத் திரையில் ஒவ்வொரு குண்டும் விழுந்த இடம் தெரிந்தது, இவன் பக்கம் நீட்டியிருந்த ஷூக்களின் அடிப்பாகம் தெரிந்தது, வலது ஷூவின் பள்ளத்தில் ஒரு புளியங்கொட்டை மாட்டிக்கொண்டிருப்பதும் தெரிந்தது. காலையில் வண்டியை நிறுத்திய மரத்தடியில் மிதித்திருப்பாள். அதைப் பிடுங்கிப் போட்டுவிட வேண்டும்போல் கை துறுதுறுத்தது. புளியங்கொட்டையைப் பிடுங்க மட்டும் கை வருகிறது, பெரிய மனுஷன். அவள் மூச்சை நீளமாக வெளியே விட்டாள். முதுகு இறங்கியது. இடது முழங்கையை ஒரு நெல் அளவு நகர்த்தினாள். ஐயோ, நகர்த்தாதே. முழங்கை இருந்த இடத்தில்தான் இருந்தது, மூச்சும் சரியாகத்தான் இருந்தது, விரலும் சரிதான், கோளாறு உன்னிடம் இல்லை கோகிலா, கோளாறு நாற்காலியில் உட்கார்ந்து உன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவன் இதை வாய்க்குள் சொன்னான். வாய்க்குள் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அவள் ரைஃபிளின் பின்பக்கப் போல்ட்டைத் திறந்தாள், வெற்றுத் தோட்டா பாயில் துள்ளி விழுந்தது, கண்ணை இலக்கிலிருந்து எடுக்காமலே வலது கை பக்கத்தில் தோட்டாக்கள் நட்டிருந்த மரக்கட்டைக்குப் போய் அடுத்த தோட்டாவை எடுத்தது. எடுத்ததைப் பார்க்கவில்லை. எப்போதுமே பார்க்கமாட்டாள்.

காற்று என்று சொல்லித் தப்பிக்கலாம். கோயம்புத்தூருக்குத் தெற்கே இந்த மைதானத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குக் குறைச்சலே இல்லை, வழிநெடுக நட்டுவைத்திருந்த சின்னக் கொடிகள் ஒன்றுக்கொன்று சண்டைபோட்டுக்கொண்டு ஆடின. ஆனால் காற்று பக்கவாட்டில்தான் தள்ளும். வலம் போகும், இடம் போகும். இப்படி மேலே ஒன்று கீழே ஒன்று என்று ஏணி வைத்தமாதிரி ஏறி இறங்கினால் அதற்குக் காற்றைக் குற்றம் சொல்ல முடியாது. இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். மேலும் கீழுமாகப் போனால் ஒன்று மூச்சு, இல்லாவிட்டால் தோட்டா. தோட்டாவைப் பற்றி அவள் யோசிக்கவே மாட்டாள். தோட்டா மாமாவின் வேலை, அதாவது இவன் வேலை. ஆகவே மூச்சு. ஆகவே அவள் தன் நெஞ்சையே சந்தேகப்பட்டுக்கொண்டு அங்கே கிடக்கிறாள். இன்றைக்குத் தேறினால் வடக்கே தேசியப் பயிற்சி முகாம், அதற்கப்புறம் இந்திய அணி என்று கூடச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தவள் இந்த ஒரு நாளுக்காக எத்தனை காலை நேரம் அந்தப் பாயில் படுத்து எழுந்தாள் என்பது அவனுக்குத் தெரியும், அவள் முழங்கையில் காய்ப்புக் காய்த்திருப்பது அவனுக்குத் தெரியும், ராத்திரி தூக்கத்தில் வலது ஆள்காட்டி விரல் மெதுவாக மடங்குவதுகூடத் தெரியும். தெரிந்துதானே செய்தாய். இல்லை, செய்யவில்லை, கை செய்தது. கை யாருடையது? அதையும் பக்கத்து வீட்டுக்காரன் கை என்று சொல்லிவிடேன்.

இத்தனைக்கும் சங்கதி ரொம்பச் சின்னது. ரைஃபிளில் தோட்டா போய் உட்காரும் குழிக்குச் சேம்பர் என்று பெயர். அவள் சுடும் தோட்டா சுண்டுவிரலில் ஒரு கணு நீளம்தான் இருக்கும், அடியில் ஆணித்தலைபோல ஒரு விளிம்பு. அந்த விளிம்பு குழியின் வாயில் தட்டி நிற்கும், பின்னாலிருந்து போல்ட் வந்து அணைத்துக்கொள்ளும். விளிம்பு சரியான தடிமனில் இருந்தால் தோட்டா அப்படி இப்படி அசையாது. ஈயக் குண்டின் தோள், குழலுக்குள் ஓடும் வரிப்பள்ளத்தை லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி தொட்டால், ஒரே மாதிரி வெடிக்கும், ஒரே வேகத்தில் போகும். விளிம்பு மெலிசாக இருந்துவிட்டால் உள்ளே இடம் கிடைத்துவிடும். ஊசி வந்து குத்தும்போது தோட்டா முதலில் முன்னால் நகரும், அப்புறம்தான் வெடிக்கும். அரை முடி அளவு நகர்வு. அந்த அரை முடி, ஐம்பது மீட்டர் தாண்டி இலக்கில் போய் விழும்போது ஒரு பட்டாணி அகலமாகிவிடும். பத்து என்பதே அங்கே ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். மயில்சாமிக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. கோயம்புத்தூர்க் கணபதியில் பம்புத் தண்டைத் தாங்கும் புஷ் வளையம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைக்காரன் அவன். தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே கொஞ்சம் இடம் கிடைத்தால் பம்பு என்ன பாடு படும் என்பது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். மைக்ரான் கணக்கில் வாழ்கிற ஆள். பட்டறை டயல் கேஜை ஒரு தாங்கியில் பொருத்தி விளிம்பு அளக்கும் கருவி செய்தது அவன். தோட்டா ஆடாமல் நிற்க வேப்பங்கட்டையில் துளைபோட்டு அவளுக்குக் கொடுத்தது அவன். ஒவ்வொரு போட்டிக்கும் முதல் நாள் சாயங்காலம் டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பயறு பொறுக்குவதுபோல ஒவ்வொன்றாக அளந்து, சரி, தடி, மெலிசு என்று மூன்று குவியல் போடுவது அவன். கிளப்பில் பொறாமைப்படுவார்கள். அந்த மூன்று குவியலில் இப்படி ஒரு வேலை செய்யலாம் என்று அளக்கத் தெரியாதவனுக்குத் தோன்றவே தோன்றாது. அளக்கத் தெரிந்தவனுக்குத்தான் கெடுக்கவும் தெரியும், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல், கச்சிதமாக.

கீழே. இப்போது கீழே. ஒன்பதின் அடியில். அவள் கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுத்தாள், தலையைத் தாழ்த்தி நெற்றியைக் கை மேல் வைத்துக்கொண்டாள். அழுகிறாளா? அழமாட்டாள். வேர்வையைத் துடைக்கிறாள். துடைத்துவிட்டாள். "என்னுங்க மயிலு, அம்மிணி இன்னைக்கி ஏறி ஏறி எறங்குது?" என்றார் பக்கத்து நாற்காலிப் பொங்கியண்ணன். அவர் மகளும் அதே வரிசையில் கடைசியில் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தாள், அவளுக்கு இன்று தேறுகிற கவலை இல்லை, சும்மா அனுபவத்துக்கு வந்தவள், ஆகவே அவருக்கு மற்றவர்களைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருந்தது. "காத்துங்க," என்றான் மயில்சாமி. பொங்கியண்ணன் கொடிகளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "காத்து அப்படித் தூக்காதுங்களே. நேத்து ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா? மூச்சு நிக்கிலியாட்டத் தெரீது." ஆமாங்க என்று தலையாட்டினான். தலையாட்டினான்! ஊரெல்லாம் சேர்ந்து அவள் மூச்சைக் குறை சொல்ல, கட்டியவன் அதற்கு ஆமாம் போடுகிறான்.   பேண்ட் பாக்கெட்டில் தொடையோடு ஒட்டிக்கொண்டு ஒரு பெட்டி இருந்தது. அதில் நேற்று அவன் ஒதுக்கிவைத்த நல்ல தோட்டாக்கள் இருந்தன. எதற்கு எடுத்து வந்தான்? காலையில் சட்டை மாட்டும்போது அதையும் எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான், பஸ் பாஸ் எடுத்துப் போடுவதுபோல. கொடுப்பதற்கென்று எடுக்கவில்லை. ஒளித்துவைப்பதற்கென்றும் எடுக்கவில்லை. இப்போது அது தொடைச் சூட்டில் சூடாகிக்கொண்டிருக்கிறது, சூடான தோட்டா மேலே தூக்கும், ஆக மருந்தையும் மடியில் வைத்தே கெடுத்துக்கொண்டிருக்கிறான். பெட்டியை எடுத்து நாற்காலிக்குக் கீழே நிழலில் வைத்தான். பொங்கியண்ணன் பார்த்தாரோ என்று தோன்றியது. பார்க்கவில்லை, மகளுக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

பெட்டிதான் காரணம். இந்தப் பெட்டி இல்லை, அந்தப் பெட்டி. நேற்றுச் சாயங்காலம் அவன் டயல் கேஜை முன்னால் வைத்துக்கொண்டு அளக்க ஆரம்பித்த நேரம், அவள் ஸ்டூல் போட்டு ஏறி, பரண் மேலிருந்து அந்தப் பெரிய நீலப் பெட்டியை இறக்கினாள். கல்யாணத்துக்கு அவள் வீட்டில் வாங்கித் தந்தது, மூணாறு போய் வந்ததோடு மேலே ஏறியது. ஈரத்துணியால் துடைத்தாள். பாட்டு முணுமுணுத்தாள். சக்கரத்தை விரலால் சுழற்றிப் பார்த்தாள். "மாமா, அங்கெல்லாம் குளுருமுங்களா? சொட்டர் ரெண்டு எடுத்தாப் போதுமுங்களா?" என்று கேட்டாள். இன்னும் தேர்வே நடக்கவில்லை. தேறுவோம் என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம், அந்த நிச்சயம் எங்கிருந்து வந்தது, அவன் பொறுக்கிக் கொடுக்கும் தோட்டாவிலிருந்துதான் வந்தது, வேறெங்கிருந்து. அவன் ஒரு தோட்டாவை அளந்துகொண்டிருந்தான். மெலிசு. முள் இடப்பக்கம் ஒடுங்கி நின்றது. அதை மெலிசுக் குவியலில் போட வேண்டும். "ரெண்டு போதும்" என்று சொன்னான். கை அதைச் சரிக் குவியலில் போட்டது. அடடா என்று எடுக்கப்போனான். எடுக்கவில்லை. அவள் பெட்டியைத் திறந்து உள்ளே மூக்கை வைத்து மோந்து, "பாச்சா உருண்ட வாசம் போகவே இல்லீங் மாமா" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இன்னொரு மெலிசைப் போட்டான். அதற்கப்புறம் ஒரு தடி. அப்புறம் வேகம் பிடித்துவிட்டது, ஒன்றுக்கொன்று பொருந்தாததாகப் பார்த்துப் பார்த்து, நல்லதோடு மெலிசும் மெலிசோடு தடியுமாகக் கட்டையில் நட்டுக்கொண்டே போனான், அத்தனை கவனத்தோடு எந்தப் போட்டிக்கும் பொறுக்கியதில்லை. கை தவறியது என்று சொல்லிக்கொள்ள முதல் தோட்டாவுக்கு மட்டும்தான் இடமிருக்கிறது. மற்றதெல்லாம் அவன்தான்.

எதற்காக என்று கேட்டால் பதில் வழுக்குகிறது. அவள் இல்லாமல் வீடு எப்படி இருக்கும் என்ற பயமா? இருக்கலாம். பட்டறையிலிருந்து வந்து விளக்கைப் போட்டால் அந்த நீலப் பெட்டி இருந்த பரண் மட்டும் வெறுமனே தெரியும், அந்தப் பயம் நிஜம். ஆனால் அது மட்டும்தான் என்று சொன்னால் அதுவும் அளவு தப்பிய பேச்சுத்தான். கிளப்பில் முதலில் சேர்ந்தவன் அவன். அவளைக் கூட்டிக்கொண்டு வந்ததும் அவன்தான், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தனியாக இருப்பாளே என்று. அவனுடைய ரைஃபிளைத்தான் முதலில் வாங்கிச் சுட்டாள். அன்றைக்கு அவள் சுட்ட இலக்கு அட்டையைப் பார்த்து எல்லோரும் கூடிவிட்டார்கள். அவன் அட்டையை யாரும் பார்க்க வரவில்லை, எல்லோருக்கும் தெரியும் அதில் என்ன இருக்கும் என்று. எப்போது சுட்டாலும் ஒன்பது. பத்தும் வராது, எட்டுக்கும் இறங்காது. 'ஒன்பது மயிலு' என்று பெயரே வைத்திருந்தார்கள், அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான், நல்ல மனுஷன் என்று பெயர். அவளுக்குத் தோட்டா பொறுக்கிக் கொடுக்க ஆரம்பித்தபோது அந்தப் பெயர் மறைந்தது. மயிலு பொறுக்கிக் கொடுத்தால் தப்பாது என்றார்கள். அவளுடைய பத்துகளில் தனக்கும் பாதி என்று நினைத்துக்கொண்டான். வடக்கே முகாமில் தோட்டா பொறுக்க ஆள் வைத்திருப்பார்களாம், மிஷினே வைத்திருப்பார்களாம். அதை அவள் போன வாரம் சொன்னாள், சந்தோஷமாகச் சொன்னாள், "உங்களுக்கு இனி இந்தக் கஷ்டமில்லீங் மாமா" என்றாள். கஷ்டமாம். அவள் மனசில் கள்ளம் இல்லை. சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். இவனுக்கு அந்தச் சோறு இறங்கவில்லை. இப்போது யோசித்தால் நீலப் பெட்டி இறங்குவதற்கு முன்னாலேயே ஏதோ ஒன்று உள்ளே ஆட ஆரம்பித்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது. சீ. திரையைப் பார். மேலே. மறுபடியும் மேலே. அவள் எழுந்து உட்கார்ந்து வாரை அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டினாள், எப்போதும் கட்டும் துளைக்கு ஒரு துளை தள்ளி. கை மரத்துப்போகும். மரத்துப்போகட்டும் என்று கட்டுகிறாள். தன் உடம்பைத் தண்டிக்கிறாள். இத்தனை வருஷம் பழக்கிவைத்த உடம்பை, ஒரு குற்றமும் செய்யாத உடம்பை, அவனுக்குப் பதிலாக.

இன்னும் நேரம் இருந்தது. பாதி குண்டுகள் மீதம் இருந்தன. இனி எல்லாம் பத்தாக வந்தால் எட்டிப்பிடித்துவிடலாம், அவளால் முடியும், வேறு யாராலும் முடியாது. எழுந்திரு என்று தனக்கே சொன்னான். எழுந்து என்ன சொல்வாய்? பெட்டி மாறிப்போயிற்று என்று சொல்லலாம். அவசரத்தில் வேறு கட்டையை எடுத்து வந்துவிட்டேன். நம்புவாள். அவள் எதையும் நம்புவாள், அதுதான் இங்கே பிரச்சினையே. அவன் கையைத் தூக்கினான். கை தூக்கியதை அவனே தாமதமாகத்தான் உணர்ந்தான். ரேஞ்ச் அதிகாரி, மீசைக்காரர், பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர், குனிந்து, "கோச்சா? பேசணுமா? நேரம் நிக்காது, ஓடிட்டே இருக்கும், தெரியுமில்ல?" என்றார். தெரியுமுங்க என்றான். அவர் போய் அவளிடம் சொன்னார். அவள் ரைஃபிளைப் பாயில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கன்னத்தில் கட்டை அழுத்திய சிவப்புத் தடம், காதோரம் ஒட்டிய மயிர், கண்ணில் அவன் என்றைக்கும் பார்க்காத ஒரு கெஞ்சல்.

"மூச்சு எங்க கோட்டை வுடறனுங் மாமா? நீங்க பாத்துட்டேதான இருக்கறீங்க. சொல்லுங்க, வெசயாச் சொல்லுங்க, நேரம் ஓடுதுங்க."

நாற்காலிக்கடியிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினான். "இதுல சுடு."

அவள் பெட்டியைப் பார்த்தாள், கை நீட்டவில்லை. "அதென்னத்துக்குங்க? நேத்து நீங்க பொறுக்குனதுதான கட்டைல இருக்குது?"

"அது வேண்டாம். இதுல சுடு."

"தோட்டாவுல ஒண்ணுமில்லீங் மாமா. நீங்க பொறுக்குனதுல எப்பத் தப்பு வந்திருக்குது? தப்பு என்ற மேலதான். இப்பப் போயி மாத்துனா இன்னுந்தான் மனசு கெடும்." அவன் முழங்கையை லேசாகத் தொட்டாள், அவனுக்கு ஆறுதல் சொல்வதுபோல. "நீங்க பயப்படாம உக்காருங்க. நான் பாத்துக்கறனுங்க."

திரும்பினாள். இவ்வளவுதான், முடிந்துவிட்டது. அவன் எழுந்தான், கேட்டான், அவள்தான் வேண்டாம் என்றாள். இனி சாகும்வரைக்கும் சொல்லிக்கொள்ளலாம், நான் கொடுத்தேன், அவள் வாங்கவில்லை என்று. தப்பிக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது, அவளே திறந்துவிட்ட வழி. கால் நாற்காலியைத் தேடிப் பின்னால் போனது. அவள் ஷூ பாயை நோக்கிப் போனது, புளியங்கொட்டை சிமெண்டில் கிளிக் கிளிக் என்று தட்டியது. இத்தனை நேரம் அது கேட்கவில்லை.

"கோகிலா." குரல் அவனுக்கே பிடிக்கவில்லை. "நான்தான் கலந்தேன். மெலிசையும் தடியையும் நல்லதோட கலந்து வெச்சேன். தெரிஞ்சேதான் வெச்சேன்."

அவள் நின்றாள். சுபேதார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொங்கியண்ணன் வேறு பக்கம் பார்க்க முயன்றார், முடியவில்லை. அவள் திரும்பி வந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பிடித்திருந்த அவன் விரல்களைப் பார்த்தாள். 

"பெட்டி எறக்குனதுக்கா?" என்று கேட்டாள்.

'ங்க' இல்லை. 'மாமா' இல்லை.  அவள் தோட்டாப் பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

கட்டையில் இருந்த தோட்டாக்களையெல்லாம் பாயின் ஓரத்தில் கவிழ்த்தாள். புதியவற்றை நட்டாள். வாரைப் பழைய துளைக்கு மாற்றினாள். படுத்தாள், கன்னம் கட்டையில் ஒட்டியது, முதுகு ஏறி இறங்கி அடங்கியது. மயில்சாமி நின்றுகொண்டே இருந்தான். அவள் வலது கை தோட்டாக் கட்டைக்குப் போய் ஒரு தோட்டாவை எடுத்தது, வழக்கமாக அது நேரே சேம்பருக்குப் போகும், இம்முறை போகவில்லை. அவள் கன்னத்தை எடுத்தாள். தோட்டாவைக் கண்ணுக்கு நேரே வெளிச்சத்தில் பிடித்தாள். விரல் நுனியில் மெதுவாக உருட்டி, விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், நகத்தால் தடவிப் பார்த்தாள். நேரம் ஓடுகிறது கோகிலா, அது நல்லது, அது நான் மூன்று தடவை அளந்தது, பார்க்காதே, போடு. அவள் பார்த்து முடித்துத்தான் போட்டாள். போல்ட் மூடியது, அழுத்தமாக, இடைவெளி இல்லாமல். அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். வெடித்தது. திரையில் பத்தின் நடுவில் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் பொங்கியண்ணன், "ஆங், வந்துருச்சு பாருங்க" என்றார். அவள் போல்ட்டைத் திறந்தாள், அடுத்த தோட்டாவை எடுத்தாள். அதையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.